படை அனுப்பும் அறை

ஒஸ்லோவில் சுரங்க ரயில் ஏறும் இடத்தில் தடுப்புக் கம்பி கிடையாது. டிக்கெட்டைக் கேட்டு யாரும் நிற்பதும் கிடையாது. படியிறங்கினால் நேராக நடைமேடை. முதல் நாள் அதைப் பார்த்தபோது இது ஏதோ பொறி என்றுதான் எனக்குப் பட்டது. எங்கேயோ கேமரா இருக்கும், மாட்டினால் கல்லூரி வரைக்கும் கடிதம் போகும் என்று பயந்து, பயணம் முடிந்த டிக்கெட்டுகளைக்கூடக் கைப்பையிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

சந்தேகப்படுவது என் தொழில். திருநெல்வேலியில் சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசியல் சட்டம் நடத்துகிறேன். ஒரு நாட்டின் தலைவர் தன் படையை இன்னொரு நாட்டுக்கு அனுப்பும்போது நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டுமா, கேட்காவிட்டால் யார் தடுப்பது என்று நான் எழுதிய ஒரு கட்டுரையைப் பார்த்துவிட்டு நார்வேயிலிருந்து ஐந்து நாள் பயிலரங்குக்கு அழைத்திருந்தார்கள். இலங்கையில் போர்நிறுத்தம் பேப்பரில் மட்டும் மிச்சமிருந்த காலம் அது. அந்தப் பக்கம் சமாதானம் பேசிக்கொண்டிருந்த நார்வே, இந்தப் பக்கம் ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பியிருந்தது. இப்படிப்பட்ட நாடு என்னை எதற்குக் கூப்பிட்டுச் சோறு போடுகிறது என்ற கேள்வி விமானத்தில் ஏறும்போதே கூட வந்தது.

எங்கள் கல்லூரி முதல்வர் தன் பங்குக்கு எச்சரித்து அனுப்பினார். “அங்க சிலோன்காரங்க நிறைய இருப்பாங்க மேடம். பேச்சு வெச்சுக்காதீங்க. எதுக்கு வம்பு?”

பயிலரங்கை நடத்திய இங்கெர் என்ற பெண்மணி என்னைத் தன் வீட்டு மாடியறையிலேயே தங்கவைத்தார். மோர்டென்ஸ்ருட் என்ற இடத்தில் வரிசை வீடு. சுரங்க ரயிலின் கடைசி நிறுத்தம். காலையில் ரொட்டியோடு பழுப்பு நிறத்தில் ஒரு கட்டி வைத்தார். சீஸ் என்றார். எனக்கு அது உப்புப் போட்டுக் கெடுத்த திரட்டுப்பாலாகத் தெரிந்தது. வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, “நான் நேரத்தோடு போகிறேன், நீங்கள் பூட்டிவிட்டு வாருங்கள்” என்று கிளம்பிவிட்டார். முன்பின் தெரியாதவளை வீட்டில் தனியாக விட்டுப் போகிற மனிதர்களை நம்புவதா பயப்படுவதா என்று தெரியாமல் கதவை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனேன்.

செவ்வாய்க்கிழமை பாடம் எடுக்க வந்தவர் பெரித். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. நாடாளுமன்ற உறுப்பினர். முதுகில் பள்ளிப் பிள்ளை மாதிரிப் பை மாட்டிக்கொண்டு தனியாக வந்தார். முன்னும் பின்னும் ஆளில்லாத எம்.பி.யை நான் அதுவரை பார்த்ததில்லை.

அவர் விளக்கியது இவ்வளவுதான். நார்வேயின் அரசியல் சட்டப்படி படை அரசருடையது. அரசர் என்றால் மந்திரிசபை என்று பொருள். ஆனாலும் படையை வெளியே அனுப்புமுன் அரசாங்கம் நாடாளுமன்றத்தின் ஒரு குழுவைக் கலந்துகொள்ளும். பெரித் அந்தக் குழுவில் ஒருவர். அந்தக் கூட்டம் மூடிய அறையில் நடக்கும். உள்ளே பேசியதை உறுப்பினர்கள் வெளியே சொல்லக் கூடாது. குழுவில் இல்லாத சொந்தக் கட்சிக்காரரிடம்கூட. குறிப்புகள் பல ஆண்டுகளுக்குப் பூட்டி வைக்கப்படும்.

“அங்கே வாக்கெடுப்பு உண்டா?” என்று கேட்டேன்.

“இல்லை. கலந்தாலோசனைதான்.”

“குழு வேண்டாம் என்று சொன்னால்?”

“அரசாங்கம் அதை மீறிப் போவது கஷ்டம்.”

“அப்படி வேண்டாமென்று சொன்னதுண்டா?”

பெரித் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சொன்னோமா இல்லையா என்பதும் அந்த அறைக்குள் இருக்கிறது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் சட்டத்தில் இந்த மூடிய அறைகூட எழுதப்படவில்லை. முப்படைகளுக்கும் தலைமை குடியரசுத் தலைவர், அவர் மந்திரிசபை சொன்னபடி நடப்பார், அதோடு முடிந்தது. நாடாளுமன்றத்தை எப்போது கேட்பது என்று ஒரு வரி கிடையாது. ஒன்றும் இல்லாத எங்கள் ஊர் மேலா, இருந்தும் வெளியே தெரியாத இவர்கள் ஊர் மேலா என்று பக்கத்தில் இருந்த கானா நாட்டு வழக்கறிஞரிடம் கேட்டேன். மதியச் சாப்பாட்டில் மீன் உண்டா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

புதன்கிழமைதான் வழி தப்பியது. தண்டவாளத்தில் ஏதோ கோளாறு, ரயிலுக்குப் பதிலாகப் பஸ் விடுகிறார்கள் என்று கூட்டத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். நவம்பர் மாதம். மாலை நாலரைக்கே நன்றாக இருட்டிவிட்டது. எல்லோரும் ஏறிய பஸ்ஸில் ஏறினேன். ஒவ்வொருவராக இறங்கினார்கள். கண்ணாடிக்கு வெளியே ஒரே மாதிரியான அடுக்குமாடிகள், பனி ஈரத்தில் மின்னும் சாலை. மோர்டென்ஸ்ருட் மட்டும் வரவே இல்லை. கடைசியில் பஸ் நின்று விளக்குகள் அணைந்தபோது உள்ளே நான் ஒருத்திதான்.

“கடவுளே, இது எந்த எடம்னு தெரியலையே” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரு தலை திரும்பியது. “தமிழோ?”

ஐம்பதைத் தாண்டிய மனிதர். நரைத்த மீசை, நீலச் சீருடை. “இது பியோர்ண்டால். நீங்கள் முந்தியே இறங்கியிருக்க வேணும். பயப்பிடாதேங்கோ, பத்து நிமிசத்தில திரும்பிப் போறன். அந்த வழியிலதான்.”

பெயர் சிவநேசன். யாழ்ப்பாணத்துக்காரர். இந்த ஊருக்கு அகதியாக வந்தவர். நான் திருநெல்வேலி என்றதும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு ஒரு படி இறங்கியதைக் கவனித்தேன்.

“எம்பசி ஆளோ?”

“இல்லைங்க சார். காலேஜ்ல பாடம் நடத்துறேன்.”

“சார் எண்டாதேங்கோ. என்ன பாடம்?”

சொன்னேன். போர் தொடங்கும் அதிகாரம், நாடாளுமன்றத்தின் கண்காணிப்பு என்று நான் சொல்லச் சொல்ல அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல்வரின் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. இவர் எதற்கு இவ்வளவு கேட்கிறார் என்று நான் நினைத்த அதே நேரத்தில், இவள் எதற்கு இவ்வளவு சொல்கிறாள் என்று அவரும் நினைத்திருப்பார்.

மோர்டென்ஸ்ருட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, “ரீச்சர், நாளைக்குப் பின்னேரம் வீட்டை வாங்கோ. பக்கத்திலதான். மனுசி புட்டு அவிப்பா. எனக்கு உங்களிட்ட ஒரு விசயம் கேக்க வேணும்” என்றார்.

இங்கெரிடம் சொன்னேன். அவருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரிந்திருந்தது. “போங்கள், நல்ல சாப்பாடு கிடைக்கும்” என்றார். அதன் பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

வியாழக்கிழமை. சிவநேசனின் மனைவி ராஜி புட்டும், தேங்காய்ப்பால் விட்ட கத்தரிக்காய்க் கறியும், மீன் குழம்பும் செய்திருந்தார். மீன் நார்வேயினுடையது, தூள் யாழ்ப்பாணத்தினுடையது. நாக்கில் பட்டதும் கண்ணில் நீர் வந்தது. மூன்று நாள் ரொட்டிக்குப் பிறகு அது ஆனந்தக் கண்ணீர் என்று ராஜியிடம் சொன்னேன். எங்களூர்ப் பக்கம் புட்டுக்குச் சர்க்கரையும் பழமும் என்றதும் அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

நான் இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது சிவநேசன் ஆரம்பித்தார். “உங்கட பாடத்தில இருந்தே கேக்கிறன், ரீச்சர். எண்பத்தேழில இந்தியன் ஆமி எங்கட ஊருக்கு வந்தது. உங்கட பிரதமர் ஆரைக் கேட்டு அனுப்பினவர்? பார்லிமென்ற் கை உயர்த்தினதோ?”

எனக்குத் தெரிந்த பதில்தான். “முன்னாடி வாக்கெடுப்பு எதுவும் நடக்கலைங்க. அனுப்பின பிறகுதான் சபையில சொன்னாங்க.”

“ம்.” புட்டைப் பிசைந்தபடியே சொன்னார். “எங்கட ஒழுங்கை முகப்பில காவலுக்கு ஒரு சென்ரி நிண்டவன். தமிழ்ப் பொடியன், உங்கட பக்கம். ஒருநாள் தண்ணி கேட்டான். குடுத்திட்டு, ஏன் தம்பி இஞ்சை வந்தனீங்கள் எண்டு கேட்டன். ‘தெரியாதுங்கண்ணே. ரயில்ல ஏத்துனாங்க, ப்ளேன்ல கொண்டாந்து எறக்குனாங்க’ எண்டான். உண்மையாத்தான் சொன்னவன். அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிஞ்ச ஆக்கள் எங்கையோ ஒரு அறைக்குள்ள இருந்தவை.”

நான் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தேன். யாரிடமும் அதிகம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் தெருவிலும் ஒரு வீட்டுக்கு அங்கிருந்து பெட்டி வந்தது. நான் அப்போது சட்ட மாணவி. அந்த வீட்டு அம்மா துக்கம் கேட்க வந்தவர்களையெல்லாம் பிடித்து, எம்புள்ள எதுக்குப் போனான் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நீ படிக்கிற பிள்ளை, நீயாவது சொல் என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் இந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

சிவநேசன் கறிச் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அப்போதுதான் அவர் மகள் ஆரணி வேலை முடிந்து உள்ளே வந்தாள். இருபத்திரண்டு வயது. நாலு வயதில் இங்கே வந்து வளர்ந்தவள். குட்டையாக வெட்டிய முடி, நிமிர்ந்த நடை. நார்வே ராணுவத்தில் மருத்துவ உதவிப் பிரிவில் இருக்கிறாள். வரும் மாதம் ஆப்கானிஸ்தானுக்குப் போகிறாள். சிவநேசன் கேட்க வேண்டும் என்ற விஷயம் எது என்று எனக்கு அப்போது புரிந்தது.

“இவளை அனுப்பலாம் எண்டு ஆர் சொன்னது, ரீச்சர்? பேரைச் சொல்லுங்கோ. நான் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதினனான். நன்றி எண்டு மூண்டு வரியில பதில் வந்தது.”

“அப்பா,” என்றாள் ஆரணி, ஜாக்கெட்டைக் கழற்றாமலே. “இது ஃப்ரீவில்லி. நானா விரும்பிப் போட்ட கையெழுத்து. ஒருத்தரும் என்னைப் பிடிச்சு அனுப்பேல்லை.”

“பிடிக்கேல்லை. விரும்ப வைச்சவை.”

“நான் மருந்துப் பெட்டி தூக்கத்தான் போறன்.”

“துவக்கும் தருவினம்.”

துப்பாக்கி என்றதும் அவள் ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். “ஓம். தருவினம்.”

ராஜி எழுந்து சமையலறைக்குப் போனார். தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. நேரம் கழித்துத்தான் மூடினார்.

ஆரணி என் பக்கம் திரும்பினாள். “அன்ரி, அப்பாவை இந்த நாடு எடுத்தது. அம்மாவை எடுத்தது. நான் ஒருக்கா திருப்பிச் செய்தா என்ன பிழை? அங்கையும் காயப்படுற சனம் இருக்குத்தானே?”

எனக்கு அவள் சொன்னதும் சரியாகப் பட்டது. அவர் சொன்னதும் சரியாகப் பட்டது. வகுப்பில் இப்படிச் சொன்னால் மாணவர்கள் விடமாட்டார்கள். நான் தெரிந்ததைச் சொன்னேன்: மூடிய அறை, குழு, வெளியே சொல்லக் கூடாத விதி, வாக்கெடுப்பு இல்லாத கலந்தாலோசனை. சிவநேசன் குறுக்கே பேசாமல் கேட்டார். நாளை மதியம் பயிலரங்கின் கடைசிக் கூட்டம், யார் வேண்டுமானாலும் வரலாம், அந்தக் குழுவில் இருக்கும் பெரித் வருகிறார் என்றேன்.

“சொல்ல மாட்டா எண்டுதானே விதி?”

“ஆமாங்க.”

“அப்ப போய் என்ன கேக்கிறது?” என்றவர் எழுந்து தட்டைக் கழுவி வைத்தார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்திருப்பார்கள். நகரத்தின் நடுவே ஒரு சின்ன மண்டபம். வாசலில் பையைச் சோதிக்க யாரும் இல்லை. சிவநேசன் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். பாதியில் கதவு திறந்தது. சீருடையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஓரமாக, சுவரோடு சாய்ந்து ஆரணி நின்றாள். அவளும் வருவாள் என்று அவருக்கே தெரியாது போலும், பார்த்ததும் திகைத்தார்.

கேள்வி நேரத்தில் அவர் கையை உயர்த்தினார். நார்வே மொழியில் பேசினார். இங்கெர் என் காதில் மெல்ல மொழிபெயர்த்தார்.

“நான் இந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். என் மகள் அடுத்த மாதம் ஆப்கானிஸ்தானுக்குப் போகிறாள். அனுப்பலாம் என்று சொன்னவர்களில் நீங்களும் ஒருவரா?”

பெரித் மைக்கைப் பக்கத்தில் இழுத்தார். “அந்தக் குழுவில் நான் இருக்கிறேன். அங்கே யார் என்ன சொன்னார் என்பதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்.”

“புரிகிறது. அதனால் அறைக்குள் நடந்ததைக் கேட்கவில்லை. அறைக்கு வெளியே நடந்ததைக் கேட்கிறேன். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனீர்களே, அன்றைக்கு உங்களுக்குத் தூக்கம் வந்ததா? அது ரகசியம் இல்லை அல்லவா?”

மண்டபத்தில் ஒருவர் இருமினார். கூட்டத் தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரித் கையால் அவரைத் தடுத்தார். அவர் கழுத்திலிருந்து சிவப்பு மெதுவாக ஏறி முகம் முழுக்கப் பரவியது. வெள்ளைத் தோலில் அதை மறைக்க முடியாது. முதலில் தரையைப் பார்த்தார். பிறகு சிவநேசனைப் பார்த்தார். பிறகு, எப்படியோ தெரிந்துகொண்டு, சுவரோரம் நின்ற ஆரணியைப் பார்த்தார்.

“நெய்,” என்றார்.

அது இல்லை என்பதற்கு அவர்கள் சொல். இங்கெர் அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

சிவநேசன் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்தவர் ஐக்கிய நாடுகள் சபையைப் பற்றி ஏதோ கேட்டார்.

வெளியே வந்தோம். குளிர் காதைக் கடித்தது. ஆரணி அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். “எல்லாருக்கும் முன்னால இப்பிடிக் கேப்பீங்களோ? எனக்கு வெக்கமாப் போச்சு.” பிறகு அவர் கழுத்துத் துண்டை இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டாள். “ஆனா நல்ல கேள்விதான்.”

“அந்தம்மா பொய் சொல்லியிருக்கலாம்ங்க,” என்றேன் நான். அரசியல்வாதிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதைத்தான் சொன்னது. “கூட்டத்துக்கு ஏத்த மாதிரிப் பேசப் பழகினவங்க.”

“சொல்லியிருக்கலாம்,” என்று சிவநேசன் ஒப்புக்கொண்டார். “நானும் நம்பேல்லை. ஆனா முகம் சிவந்தது, கண்டனீங்களோ? எங்கட ஊருக்கு எத்தினை ஆமி வந்தது, ரீச்சர். அனுப்பின ஒருத்தரும் எனக்கு முன்னால வந்து முகம் சிவந்து நிண்டதில்லை.”

பதினைந்து வருடமாக நான் கரும்பலகையில் எழுதிவரும் அதிகாரத்தை, முடிவெடுத்தவர் ஒருவரின் முகத்துக்கு நேராக நின்று கேட்க எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. வாய்த்திருந்தாலும் பிரிவு எண்ணைத்தான் கேட்டிருப்பேன். ஆரணி கடிகாரத்தைப் பார்த்து, “அப்பா, உங்கட ஷிஃப்ட்” என்றாள். இருவரும் வேகமாக நடந்தார்கள். அவள் பாதியில் தன் கையை அவர் கைக்குள் கோத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

சனிக்கிழமை நான் ஊர் திரும்பினேன். முதல்வர் பயணத்தைப் பற்றி விசாரித்தார். சிலோன்காரர்கள் யாரையும் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். அவர் காத்திருந்தார். நான் வகுப்புக்குக் கிளம்பினேன்.

ஆரணி போனாள். ராஜி இரண்டு முறை தொலைபேசியில் பேசினார். மகளைப் பற்றிப் பேசாமல் நான் எப்படிப் புட்டு அவிக்கிறேன் என்று கேட்டார். கோடை விடுமுறையில் ஒருநாள் மதியம் சிவநேசன் அழைத்தார்.

“வந்திட்டாள்,” என்றார்.

“நல்லா இருக்காளா?”

“உடம்பில ஒண்டும் இல்லை. ஒரு கிழமையா நித்திரை கொள்ளுறாள். எழும்பினா யன்னல் பக்கம் இருக்கிறாள். அங்கை என்ன நடந்தது எண்டு நான் கேக்கேல்லை. அவளாச் சொன்னாச் சொல்லட்டும்.” பிறகு சொன்னார்: “ரீச்சர், அந்தக் குழுவுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறன்.”

“இப்போ எதுக்குங்க அண்ணே? அவதான் வந்துட்டாளே.”

“அடுத்த பிள்ளையள் போகினம்.”

“யாரோட பிள்ளைங்க?”

“எனக்கென்ன தெரியும்?” என்றார் சிவநேசன். “அதுதானே கேட்டு எழுதியிருக்கிறன்.”